காட்டைக் காப்பது யார்? விலை கொடுப்பது யார்?

சுற்றுச்சூழல் என்ற சொல்லைக் கேட்டதும் மரம் நடுவிழாவும், பிளாஸ்டிக் பையைத் தவிர்க்கச் சொல்லும் சுவரொட்டியும், அழிந்துவரும் புலியின் படமும்தான் பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டிகளிலும் இதே பாடம்தான். மனிதன் இயற்கையை அழித்துவிட்டான், மனிதன் திருந்த வேண்டும் என்று கட்டுரை முடிந்துவிடும். இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் விடுபட்டுப் போகிறது. எந்த மனிதன்?

காட்டை வெட்டச் சொன்னவரும் மனிதர்தான். நாள் கூலிக்கு அதை வெட்டியவரும் மனிதர்தான். அந்தக் காட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, ஒருநாள் வெளியேறச் சொல்லப்பட்டவரும் மனிதர்தான். மூவரையும் ஒரே சொல்லில் அடக்கிப் பழியைச் சமமாகப் பங்கிட்டால் கணக்கு சரியாக வராது.

இந்தக் கணக்கைச் சரிசெய்ய முற்படும் சிந்தனைதான் இன்று உலகின் பல பகுதிகளில் வலுப்பெற்று வருகிறது. காலனித்துவ நீக்கம், சமூக நீதி என்னும் இரு கோணங்களிலிருந்து சுற்றுச்சூழலைப் பார்க்க வேண்டும் என்கிறது அது. காலனித்துவ நீக்கம் என்றால் கொடியை இறக்கி வேறு கொடியை ஏற்றுவது மட்டும் அல்ல. நிலத்தைப் பற்றியும், காட்டைப் பற்றியும், அங்கு வாழ்ந்தவர்களைப் பற்றியும் ஆட்சியாளர்கள் விட்டுச்சென்ற எண்ணங்களையும் சட்டங்களையும் மறுபடி சோதித்துப் பார்ப்பது. சமூக நீதி என்றால் ஒரு திட்டத்தின் நன்மை யாருக்குப் போகிறது, சுமை யார் தலையில் விழுகிறது என்று கேட்பது. இவை இரண்டும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு மலாயாவின் வரலாறே சான்று.

கடலடிக் கம்பியும் காட்டு மரமும்

தோட்டப்புறத் தமிழர்கள் ரப்பரைக் 'கித்தா' என்று அழைத்தனர். 'கெத்தா' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது அது. ஆனால் ரப்பர் மரம் இந்த மண்ணுக்கு வருவதற்கு முன்பே மற்றொரு 'கெத்தா' உலகச் சந்தையில் புகழ்பெற்றிருந்தது. மலாயா, சுமத்ரா, போர்னியோ காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பால்தான் அது. கெத்தா பெர்ச்சா என்ற பெயரில் 1840களில் சிங்கப்பூர் வழியாக ஐரோப்பாவுக்கு அறிமுகமானது.

கடல் நீரில் கெட்டுப்போகாத தன்மை இந்தப் பாலுக்கு உண்டு. எனவே கடலுக்கு அடியில் தந்திக் கம்பி பதிக்கத் தொடங்கியபோது அந்தக் கம்பிக்கு உறையாக இதுவே பயன்பட்டது. 1858ஆம் ஆண்டில் அட்லாண்டிக் கடலின் குறுக்கே முதல் கம்பி போடப்பட்டது. 1866ஆம் ஆண்டில் நிலையான தொடர்பு ஏற்பட்டது. பேரரசின் தகவல் தொடர்பு வளர வளர, இங்கே காட்டில் மரங்கள் சாய்ந்தன. ரப்பரைப் போலக் கீறிப் பால் எடுக்கும் வழக்கம் அப்போது இல்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்துத்தான் பால் எடுத்தார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் தாபான் மரம் அரிதாகிப் போனது.

அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அருமையான மரம் அழிந்துவருகிறதே என்று காலனித்துவ அரசு கவலைப்பட்டது. 1901ஆம் ஆண்டு வாக்கில் மலாயாவில் முறையான வன இலாகா உருவானதற்கு அந்தக் கவலையும் ஒரு காரணம். காடுகள் ஒதுக்கீட்டுக் காடுகளாக அறிவிக்கப்பட்டன. காட்டில் புனம் வெட்டி, ஓராண்டு நெல் விளைவித்து, நிலத்தைத் தரிசாக விட்டு வேறிடம் செல்லும் பூர்வகுடியினரின் பழைய விவசாய முறை 'வீணடிப்பு' என்று அதிகாரிகளின் ஏடுகளில் பதிவானது. மரத்தை அழித்தது உலகச் சந்தையின் பசி. கட்டுப்பாடு வந்து விழுந்ததோ காட்டில் வாழ்ந்தவர்கள் மீது.

இது மலாயாவில் மட்டும் நடந்ததன்று. அமெரிக்காவில் 1872ஆம் ஆண்டு உருவான யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவும் ஆளற்ற காடாக இருந்ததில்லை. அங்கு வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்த பூர்வகுடியினர் அப்புறப்படுத்தப்பட்ட பிறகே அது ஆளற்ற காடு ஆனது. மலேசியாவின் தாமான் நெகாரா, 1938-39ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் காடு, அறிவிப்புக்கு முன்பே பாத்தேக் மக்களின் வீடாக இருந்தது. வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டும்போது அங்கிருந்தவர்களின் பெயர்கள் மறைந்துபோவது காலனித்துவத்தின் பழைய பழக்கம்.

பிரேசில் விதை, மலாயா மண், தமிழர் உழைப்பு

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுசென்றார். அவற்றில் சுமார் 2,700 மட்டுமே முளைத்தன. 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைக் கீறிப் பாலெடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1930களின் இறுதிக்குள் மலாயாவில் 30 இலட்சம் ஏக்கருக்கும் மேல் ரப்பர் நின்றது.

அமேசானில் ரப்பர் மரம் காட்டோடு காடாக, ஒன்றுக்கொன்று தொலைவில் வளர்கிறது. நெருக்கமாக நட்டால் இலைக் கருகல் நோய் பரவி எல்லாவற்றையும் அழித்துவிடும். அமெரிக்கக் கார் உற்பத்தியாளர் ஹென்றி போர்ட் 1920களின் இறுதியில் அமேசானில் உருவாக்கிய பெருந்தோட்டம் அந்த நோயால்தான் பெரிதும் சீரழிந்தது. மலாயாவில் அந்த நோய் இல்லை. ஆகவே வரிசை வரிசையாக ஒரே மரத்தை நட முடிந்தது. பல நூறு வகை மரங்கள் நின்ற இடத்தில் ஒரே வகை மரம். பல தொழில் செய்து வாழ்ந்த குடியானவர் தோட்டத்துக்குள் வந்ததும் ஒரே தொழில் செய்யும் கூலி. பெருந்தோட்டம் என்பது மரத்தையும் மனிதரையும் ஒரே வரிசையில் நிறுத்திய ஏற்பாடு.

அந்த வரிசையில் நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். 1910ஆம் ஆண்டு வரை ஒப்பந்தக் கூலி முறையிலும், 1938ஆம் ஆண்டில் இந்தியா தடை விதிக்கும் வரை கங்காணி முறையிலும் அவர்கள் கொண்டுவரப்பட்டனர். இருள் பிரியும் முன் பெரட்டில் நின்று, மங்கும் வாளியும் ஏந்தி வேலைக்குப் போன அந்தத் தலைமுறையின் கதை, உழைப்பின் கதையாக ஏராளமாகப் பேசப்பட்டுவிட்டது. சுற்றுச்சூழலின் கதையாக அது பேசப்படுவது குறைவு. ஆனால் அதுவும் சுற்றுச்சூழலின் கதையே.

இதற்கு மலேரியாக் காய்ச்சல் ஒன்றே போதுமான எடுத்துக்காட்டு. கிள்ளான் வட்டாரத்தில் 1901ஆம் ஆண்டு முதல் காய்ச்சலை ஆராய்ந்த டாக்டர் மால்கம் வாட்சன், கரையோரச் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி நோயைக் குறைத்தார். மலையடிவாரத் தோட்டங்களிலோ அந்த வழி பலிக்கவில்லை. காரணம் பிறகு தெரிந்தது. அங்கே நோயைப் பரப்பிய கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைகளில் முட்டையிடும் வகை. காடு இருந்தவரை ஓடைகள் நிழலில் கிடந்தன. ரப்பர் நடுவதற்காகக் காட்டை வெட்டியதும் வெயில் விழுந்தது. கொசு பெருகியது. காட்டை வெட்ட உத்தரவிட்ட நிறுவனங்களின் பங்குதாரர்கள் இலண்டனில் இருந்தார்கள். காய்ச்சலில் விழுந்தவர்கள் லயத்து வீடுகளில் இருந்தார்கள். நன்மை ஒரு பக்கம், சுமை மறுபக்கம் என்று சமூக நீதி பேசுவோர் சொல்வதன் பொருள் இதுதான்.

மருந்து அடித்த கைகள்

காலனித்துவம் முடிந்ததும் இந்த ஏற்பாடு முடிந்துவிட்டதா? 1960களின் தொடக்கத்தில் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி சந்தைக்கு வந்தது. முதலில் ரப்பர் தோட்டங்களிலும் பின்னர் செம்பனைத் தோட்டங்களிலும் அது தாராளமாகப் பயன்படுத்தப்பட்டது. முதுகில் தோம்பைச் சுமந்து மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் இந்தியப் பெண்கள் மிகுதி.

தெனாகானித்தா அமைப்பும் பூச்சிமருந்துகளுக்கு எதிரான ஆசிய பசிபிக் கட்டமைப்பும் இணைந்து தோட்டங்களில் நடத்திய ஆய்வு 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருந்து அடிக்கும் பெண்களிடம் மூக்கில் இரத்தம் வடிதல், கண்ணெரிச்சல், தோல் புண், நகம் நிறம் மாறிக் கழன்று விழுதல் போன்ற பாதிப்புகள் காணப்பட்டதை அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. அதே ஆண்டில் மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. ஆயினும் 2006ஆம் ஆண்டில் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிதான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007ஆம் ஆண்டிலேயே நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றினால் அதன் பயன்பாடு நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகளாக, ஏற்றுமதிக்காக மட்டும் அது பிரிட்டனில் உற்பத்தி செய்யப்பட்டது. தங்கள் வயலுக்கு ஆகாத மருந்து மற்றவர் வயலுக்கு ஆகும் என்ற இந்த எண்ணத்துக்குத்தான் காலனித்துவ எண்ணம் என்று பெயர்.

இதே கதை கரீபியக் கடலில் உள்ள மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளிலும் நடந்தது. பிரான்சின் ஆளுகையில் உள்ள இந்தத் தீவுகளில் 1848ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்தது. அதன் பிறகு, 1853ஆம் ஆண்டு முதல், புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தமிழர்கள் உள்ளிட்ட இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பின்னாளில் அங்கே வாழைத் தோட்டங்கள் பெருகின. வாழைக்கிழங்கைத் துளைக்கும் வண்டை ஒழிக்க 1972ஆம் ஆண்டு முதல் 1993ஆம் ஆண்டு வரை குளோர்டிக்கோன் என்ற நச்சு மருந்து பயன்படுத்தப்பட்டது. அதைத் தயாரித்த அமெரிக்கத் தொழிற்சாலையில் 1975ஆம் ஆண்டில் தொழிலாளர்கள் நோய்வாய்ப்பட்டதைத் தொடர்ந்து அமெரிக்கா அதைக் கைவிட்டது. 1974ஆம் ஆண்டிலேயே மார்ட்டினிக் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, நச்சு மருந்துகளை நிறுத்தச் சொன்னார்கள். பிரான்ஸ் 1990ஆம் ஆண்டில் தடை விதித்தபோதும் இந்தத் தீவுகளுக்கு மட்டும் 1993 வரை விலக்கு அளிக்கப்பட்டது. இன்று அந்தத் தீவுகளின் வயது வந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் அந்த நச்சு உள்ளது. மண்ணிலிருந்து அது நீங்கப் பல தலைமுறைகள் ஆகும் என்கிறார்கள்.

இரண்டு பிளவுகள்

மார்ட்டினிக்கில் பிறந்த மால்கம் பெர்டினாண்ட் என்ற ஆய்வாளர், 2019ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூலில் இந்த அனுபவத்துக்கு ஒரு விளக்கம் தந்தார். நவீன உலகில் இரண்டு பிளவுகள் உள்ளன என்கிறார் அவர். ஒன்று, மனிதரை இயற்கையிலிருந்து பிரித்த பிளவு. மற்றொன்று, ஆண்டவரையும் ஆளப்பட்டவரையும் பிரித்த பிளவு. சுற்றுச்சூழல் இயக்கம் முதல் பிளவை மட்டும் பார்க்கிறது. காலனித்துவத்துக்கு எதிரான இயக்கம் இரண்டாவதை மட்டும் பார்க்கிறது. பெருந்தோட்டத்தில் இரண்டும் ஒரே நாளில், ஒரே நிலத்தில் நடந்தன. எனவே ஒன்றை விட்டு ஒன்றைக் குணப்படுத்த முடியாது என்பது அவர் வாதம். நாம் எல்லாரும் ஒரே கப்பலில் இருக்கிறோம் என்று பேசுவோரிடம் அவர் ஒரு கேள்வி கேட்கிறார். அந்தக் கப்பலின் அடித்தளத்தில் அடைக்கப்பட்டிருப்பவர் யார்?

இத்தகைய கேள்வி அவருக்கு முன்பும் எழுந்ததுண்டு. 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் வாரன் வட்டாரத்தில் நச்சு மண்ணைப் புதைக்கும் குழி அமைக்கப்பட்டது. லாரிகளின் முன்னால் படுத்து மறித்த 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். குப்பைக் கிடங்கு எந்த வட்டாரத்துக்குப் போகிறது என்பதும் நீதிப் பிரச்சினையே என்ற இயக்கம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது. 1989ஆம் ஆண்டில் இந்திய வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா, மனிதர் அற்ற காட்டைக் காப்பதையே குறியாகக் கொண்ட அமெரிக்கச் சுற்றுச்சூழல் வாதத்தை விமர்சித்து எழுதினார். வேட்டையாடிப் பொழுதுபோக்கிய உயர்குடியினரும் வெளிநாட்டு அமைப்புகளும் விரும்பிய வண்ணம் இந்தியாவில் புலிக் காப்பகங்கள் உருவானபோது, இடம்பெயர்ந்தவர்கள் ஏழைக் கிராமத்தினர் என்பதை அவர் சுட்டிக்காட்டினார். ஏழைகளுக்கும் ஒரு சுற்றுச்சூழல் இயக்கம் உண்டு. ஆனால் அவர்கள் அதற்கு அந்தப் பெயர் வைப்பதில்லை. குடிக்கும் தண்ணீர், விறகு, குழந்தையின் உடல்நலம் என்றுதான் பேசுவார்கள்.

மலேசியாவில் ஏழைகள் எழுப்பிய குரல்

1987ஆம் ஆண்டில் சரவாக்கின் பாராம் பகுதியில் பெனான் மக்கள் வெட்டுமர லாரிகள் செல்லும் பாதைகளை மறித்து நின்றனர். ஆற்று நீர் கலங்கிவிட்டது, காட்டுப்பன்றி இல்லை, சவ்வரிசி தரும் காட்டுப் பனை இல்லை என்பதே அவர்கள் முறையீடு. அவ்வாண்டு இறுதியில் வனச் சட்டம் திருத்தப்பட்டு, மறியல் செய்வதே தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. அவர்களுக்குத் துணைநின்ற ஹாரிசன் ஙாவ் அதே ஆண்டு லாலாங் நடவடிக்கையின்போது விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டார். பின்னர் 1990ஆம் ஆண்டில் பாராம் தொகுதி மக்கள் அவரையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர்.

அதே காலத்தில் ஈப்போவுக்கு அருகில் உள்ள புக்கிட் மேராவில் சாதாரணக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் சென்றனர். பழைய ஈயச் சுரங்கக் கழிவில் கிடைக்கும் மணலிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரிக்கும் ஆலை அங்கே 1982ஆம் ஆண்டு முதல் இயங்கியது. அதன் கழிவில் கதிரியக்கம் உள்ள தோரியம் இருந்தது. 1985ஆம் ஆண்டில் தொடுக்கப்பட்ட வழக்கில், 1992ஆம் ஆண்டு ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993ஆம் ஆண்டு இறுதியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆயினும் மக்கள் எதிர்ப்புக்கிடையே 1994ஆம் ஆண்டில் ஆலை மூடப்பட்டது.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் உண்டு. 1992ஆம் ஆண்டு ரியோ நகரில் நடந்த புவி மாநாட்டில் அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர், பணக்கார நாடுகள் தங்கள் காடுகளை வெட்டித் தொழிற்சாலைகள் கட்டியபோது ஏழை நாடுகள் எதுவும் சொல்லவில்லை என்று சாடினார். அந்தச் சாடலில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே வாதம் பெனான் மக்களின் முறையீட்டுக்குப் பதிலாகாது. வெளிநாட்டு அரசு ஏழை நாட்டிடம் நடந்துகொள்வதைக் கண்டிக்கும் ஒருவர், தலைநகரம் காட்டு மக்களிடம் நடந்துகொள்வதையும் அதே தராசில் நிறுத்த வேண்டும். 1957ஆம் ஆண்டு மெர்டேக்காவுக்குப் பிறகும், காடு அரசின் சொத்து, அதில் வாழ்பவர் அனுமதி பெற்றவர் மட்டுமே என்ற காலனித்துவச் சட்டப் பார்வை பெரிதும் நீடித்தது. வெள்ளைக்காரரைப் பழிப்பது மட்டுமே காலனித்துவ நீக்கம் ஆகாது என்பதற்கு இதுவே காரணம்.

குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர்

சிங்கப்பூர் வாசகர்களுக்கும் இது அந்நியமான விஷயம் அல்ல. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை தண்ணீர் எடுக்கலாம். அந்த ஆற்றின் நீரோட்டத்தைச் சீராக வைத்திருக்க, 1990ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் லிங்கியூ நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. நிலத்தின் பயன்பாட்டை இழப்பதற்காக ஜொகூர் அரசு பெற்ற இழப்பீடு 320 மில்லியன் ரிங்கிட்.

அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்து, காட்டுப் பொருள்களைச் சேகரித்துவந்தவர்கள் ஜக்குன் பூர்வகுடியினர். அவர்களில் 52 பேர் வழக்குத் தொடுத்தனர். 1996ஆம் ஆண்டில் ஜொகூர் பாரு உயர்நீதிமன்றம் 26.5 மில்லியன் ரிங்கிட் இழப்பீடு வழங்கித் தீர்ப்பளித்தது. நிலத்தின் சந்தை விலையோடு அந்தத் தீர்ப்பு நின்றுவிடவில்லை. பாரம்பரிய நிலம், நடமாடும் சுதந்திரம், காட்டின் விளைபொருள், தங்கள் எதிர்கால வாழ்வு, சந்ததியின் வாழ்வு என ஐந்து வகை இழப்புகளை நீதிபதி எண்ணிப் பார்த்தார். பின்னர் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. காட்டில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் காட்டின் மீது சட்டம் மதிக்க வேண்டிய உரிமை உண்டு என்பதை நிலைநாட்டிய மைல்கல் அது. 2002ஆம் ஆண்டில் சிலாங்கூரில் தெமுவான் மக்கள், விமான நிலைய நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்ட நிலம் தொடர்பான வழக்கில் வென்றபோது, அந்த உரிமை இன்னும் ஒரு படி முன்னேறியது.

தண்ணீர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மின்சாரமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேள்வி வேறு. சரவாக்கின் பாக்குன் அணைக்காக 1998ஆம் ஆண்டில் ஏறத்தாழ 10,000 பேர் சுங்கை அசாப் பகுதிக்கு மாற்றப்பட்டனர். சிங்கப்பூரின் பரப்பளவுக்கு ஏறக்குறைய ஈடான நிலம் நீரில் மூழ்கியது. நீர் மின்சாரம் நிலக்கரியை எரிக்காத தூய்மையான மின்சாரம் என்று போற்றப்படுகிறது. அந்தத் தூய்மைக்காக நீள வீட்டையும் முன்னோர் கல்லறையையும் விட்டுவந்தவர்களிடம் முறையாகச் சம்மதம் கேட்கப்பட்டதா? பாராம் ஆற்றில் அடுத்த அணை திட்டமிடப்பட்டபோது, மக்கள் 2013ஆம் ஆண்டு அக்டோபர் முதல் ஈராண்டுக்கும் மேலாக மறியல் செய்தனர். அப்போதைய முதலமைச்சர் அட்னான் சாத்தேம் அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தார். 2016ஆம் ஆண்டில் நிலம் மக்களிடமே திரும்பியது.

பச்சை முத்திரை போதுமா?

பருவநிலை மாற்றம் பற்றிய கவலை கூடக் கூட, காடு இப்போது புதிய சரக்காகியிருக்கிறது. மரம் உறிஞ்சி வைக்கும் கரியமிலத்தைக் கணக்கிட்டு, புகைவிடும் நிறுவனங்களுக்கு விற்கும் சந்தை உருவாகியுள்ளது. 2021ஆம் ஆண்டில் சபாவில் 20 இலட்சம் ஹெக்டர் காட்டைக் குறித்து 100 ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தான செய்தி வெளிவந்தது. அந்தக் காடுகளைச் சார்ந்து வாழும் மக்களைக் கலந்தாலோசிக்காமல் அது நடந்தது என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. காட்டை வெட்டுவதற்கான ஒப்பந்தமும், வெட்டாமல் இருப்பதற்கான ஒப்பந்தமும் அங்கு வாழ்பவரைக் கேட்காமலே போடப்பட்டால், அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிளாஸ்டிக் கழிவிலும் இதே நிலை. 2018ஆம் ஆண்டில் சீனா கழிவு இறக்குமதியை நிறுத்தியதும், பணக்கார நாடுகளில் வீட்டு வாசலில் பொறுப்போடு தரம் பிரிக்கப்பட்ட பிளாஸ்டிக், கப்பல் கப்பலாக மலேசியாவுக்கு வந்தது. சிலாங்கூரின் ஜெஞ்சாரோம் பகுதியில் அது சட்டவிரோதமாக எரிக்கப்பட்டபோது, மூச்சுத் திணறியவர்கள் அந்த ஊர் மக்கள். போராடியவர்களும் அவர்களே. 2020ஆம் ஆண்டு ஜனவரிக்குள் 150 கொள்கலன்களைத் திருப்பி அனுப்பிவிட்டதாக மலேசிய அரசு அறிவித்தது. ஒரு நாட்டின் தூய்மையான தெரு, மற்றொரு நாட்டின் புகை நிறைந்த இரவாக மாறக்கூடும் என்பதை அந்தச் சம்பவம் உணர்த்தியது.

தமிழர்கள் நிற்கும் இடம்

இந்த வரலாற்றில் மலேசியத் தமிழர்களின் இடம் எளிதில் வகைப்படுத்த முடியாதது. அவர்களில் பெரும்பாலோர் நிலத்தின் சொந்தக்காரர்களாக இருந்ததில்லை. காட்டை வெட்டினார்கள், காய்ச்சலில் மாண்டார்கள், மருந்து அடித்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகவும் நகர்களாகவும் மாறியபோது, பிறந்து வளர்ந்த லயத்தையும், கும்பிட்ட கோயிலையும், படித்த தமிழ்ப்பள்ளியையும் இழந்தார்கள். அந்த இழப்பு சுற்றுச்சூழல் அறிக்கைகளில் ஒருபோதும் கணக்கில் வந்ததில்லை. ரப்பர் மரத்துக்கு மாற்று நடவு உண்டு. அதை நட்டவருக்கு என்ன உண்டு என்பது வெகுகாலம் பதிலற்ற கேள்வியாக இருந்தது.

அதே வேளையில், அவர்கள் வெட்டிய காடு அதற்கு முன் வேறொருவரின் காடு. துரையின் உத்தரவால் வந்தவர்கள் என்பதால் பழி அவர்களைச் சேராது. ஆனால் அந்தப் பூர்வகுடிகளின் வரலாற்றை அறியாமல் தங்கள் வரலாறு முழுமையடையாது என்ற உண்மை அவர்களைச் சேரும். தோட்டப்பாட்டாளியும் பூர்வகுடியும் ஒரே ஏற்பாட்டின் இரு முனைகளில் நசுங்கியவர்கள். ஒருவரின் நீதியைப் பேசி மற்றவரை மறப்பது, அந்த ஏற்பாட்டையே தொடர்வதாகும்.

இரு தரப்பும் கைகோக்க முடியும் என்பதற்கு ரப்பர் பிறந்த பிரேசிலிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. அக்ரே மாநிலத்தில் காட்டு ரப்பர் மரங்களில் பால் வெட்டிப் பிழைத்தவர் சிக்கோ மெண்டிஸ். மாட்டுப் பண்ணைகளுக்காகக் காடு எரிக்கப்பட்டபோது, பால்வெட்டுத் தொழிலாளர் சங்கத்தைத் திரட்டி எதிர்த்தார். முன்பு ஒருவரையொருவர் பகைத்த பால்வெட்டிகளும் பூர்வகுடியினரும் அவர் காலத்தில் ஓரணியில் நின்றார்கள். 1988ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆயினும் அவர்கள் கேட்டது 1990ஆம் ஆண்டில் கிடைத்தது. மக்களை வெளியேற்றாமல், காட்டை அழிக்காமல் அதன் விளைச்சலை எடுத்து வாழும் உரிமையுள்ள காப்புக் காடு அவர் பெயரிலேயே அமைந்தது. பூங்கா வேண்டுமா மனிதர் வேண்டுமா என்ற பழைய கேள்விக்குத் தொழிற்சங்கம் ஒன்று கண்ட விடை அது.

பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாட்டுப் பிரகடனம் 2007ஆம் ஆண்டில் நிறைவேறியபோது மலேசியாவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஒரு திட்டம் தொடங்கும் முன்பே, முழு விவரமும் தெரிவித்து, வற்புறுத்தாமல் சம்மதம் பெற வேண்டும் என்பது அதன் முக்கியக் கோட்பாடு. இதைச் சட்டமும் நிர்வாகமும் முழுமையாக ஏற்பதற்கு இன்னும் தூரம் இருக்கிறது. அதுவரை ஒவ்வொரு குடிமகனும் கேட்கக்கூடிய கேள்விகள் மூன்று உண்டு. இந்தத் திட்டத்தை முடிவு செய்தவர் யார்? இதனால் பயன்பெறுபவர் யார்? சுமையைத் தாங்கப்போகிறவரிடம் யாராவது கேட்டார்களா? மேம்பாட்டுத் திட்டமானாலும், பசுமைத் திட்டமானாலும் இந்த மூன்று கேள்விகளுக்கும் நேர்மையான பதில் வேண்டும்.

மரம் நடுவதும் பிளாஸ்டிக்கைக் குறைப்பதும் நல்ல பழக்கங்கள், அவை தொடரட்டும். ஆனால் நடப்படும் மரத்தின் நிழல் யார் மீது விழப்போகிறது என்று கேட்கும் பழக்கமும் அவற்றோடு சேர வேண்டும். பிள்ளைகளின் கட்டுரை 'மனிதன்' என்று தொடங்கும்போது, எந்த மனிதன் என்று கேட்கும் ஆசிரியரும் பெற்றோரும் இருந்தால், அந்தப் பழக்கம் வீட்டிலிருந்தே தொடங்கிவிடும்.